தொட்டிலா, ஏணையா, தாயின் கட்டிலா?

எனது தங்கைக்கு இன்னும் ஐந்து கிழமைகளில் முதற்குழந்தை பிறக்கவிருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள தொடர்மாடியில், பத்தடிக்குப் பதினோரடி அளவான ஒரேயொரு படுக்கையறைதான் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அறையில் குழந்தை எதில் படுக்கும் என்ற கேள்விக்குக் கடந்த ஒரு மாதத்தில் ஐந்து விடைகள் வந்துவிட்டன. சேலையில் ஏணை கட்டினாலே போதும் என்பது எங்கள் அம்மாவின் முடிவு. தங்கையின் மாமியார், தமது மகன் படுத்து வளர்ந்த தேக்கந்தொட்டிலைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஏற்றி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார். அந்த மகனோ மடித்து வைக்கக்கூடிய வலைத்தொட்டில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். தங்கைக்கு, மரவேலைக்குப் பெயர்போன மொரட்டுவையில் புதிதாகத் தொட்டில் செய்விக்க ஆசை. பெரியம்மா மட்டும், தாயோடு படுக்காமல் பிள்ளை வேறெங்கே படுக்கும் என்று எல்லோரையும் பார்த்து ஒருமுறை கேட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஐந்தையும் ஒரே அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குழந்தையை ஒவ்வோர் உறக்கத்துக்கும், பகலானாலும் இரவானாலும், மல்லாக்கக் கிடத்த வேண்டும். படுக்கை சமதளமாகவும், கையால் அழுத்தினால் குழியாத அளவுக்கு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். அதில் விரிப்பையும் குழந்தையையும் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்கு அந்தப் படுக்கை தாய் படுக்கும் அறையிலேயே, அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனிப் பரப்பாக இருப்பது நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் புதுப்பித்த பரிந்துரைகளின் சாரம் இதுவே. காரணம் புலப்படாமல் உறக்கத்தில் நிகழும் சிசு மரணங்கள் இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில் உச்சத்தை அடைகின்றன. பத்தில் ஒன்பது ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே நிகழ்கின்றன. பிரித்தானியாவில் 1991இலும் ஐக்கிய அமெரிக்காவில் 1994இலும், குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ளும் இயக்கங்கள் தொடங்கிய பின்னர், அத்தகைய மரணங்கள் இரு நாடுகளிலும் பாதிக்கு மேல் குறைந்தன.

மல்லாக்கக் கிடந்தால் பால் கக்கிப் புரையேறிவிடும் என்ற அச்சம் எங்கள் வீட்டிலும் எழுந்தது. உடலமைப்பைப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. மல்லாக்கக் கிடக்கும் குழந்தையின் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே அமைவதால், கக்கிய பால் அதற்குள் புக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும் குழந்தைக்கே பால் மூச்சுக்குழாய் வாயிலில் தேங்கும் வாய்ப்பு அதிகம்.

இனி ஏணை. யாழ்ப்பாணத்து வீட்டின் கூரை வளையில் கயிறு போட்டு, பலமுறை தோய்த்து மென்மையான நூற்சேலையில் கட்டிய ஏணையில்தான் நாங்கள் நால்வரும் உறங்கினோம். காற்றுப் படுகிறது, செலவில்லை, அழும் பிள்ளை இரண்டு ஆட்டில் அடங்கிவிடுகிறது என்பவை அதன் உண்மையான சிறப்புகள். ஆனால் மேற்சொன்ன அளவுகோலின்படி பார்த்தால், சமதளம் என்ற முதல் நிபந்தனையிலேயே அது தவறிவிடுகிறது. சேலை குழிந்து குழந்தையின் முதுகை வில்லாக வளைக்கிறது. கழுத்து உறுதிப்படாத பச்சைக் குழந்தையின் நாடி நெஞ்சில் சாய்ந்து மூச்சுவழி ஒடுங்கக்கூடும். இருபுறத் துணியும் முகத்தை அணைத்து மூடவும்கூடும். மூன்று நான்கு மாதத்தில் புரள முயலும்போது விழும் ஆபத்தும் துணிக்குள் முகம் புதையும் ஆபத்தும் சேர்ந்துகொள்கின்றன. கொங்கிறீற் கூரையுள்ள தொடர்மாடியில் வளை ஏது? மின்விசிறிக்கென்று போட்ட கொழுக்கியில் கட்டுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது நினைத்தே பார்க்கக் கூடாத செயல்.

‘நீங்கள் எல்லாரும் அதில்தானே வளர்ந்தீர்கள்’ என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஏணையின் கயிற்றுத் தலைப்பு எப்போதும் அம்மம்மாவின் கையில் இருந்தது. அவர் முறத்தை மடியில் வைத்து அரிசி புடைத்தபடியே ஆட்டிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் அதிகாலை இரண்டு மணிக்கு அந்தக் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. ஆகவே, பகலில் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே குழந்தையை அமைதிப்படுத்துவதற்கு ஏணை இருக்கட்டும், கண்ணயர்ந்ததும் தூக்கிச் சமதளத்தில் கிடத்திவிட வேண்டும் என்று சொன்னேன். அம்மா பாதி உடன்பட்டார்.

பெரியம்மாவின் விடையை அத்தனை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் மிகப் பெரும்பாலான குழந்தைகள் தாயின் பக்கத்தில்தான் உறங்குகின்றன. இரவில் பலமுறை பாலூட்ட அது வசதியானது. தாய்ப்பாலூட்டலே சிசு மரண ஆபத்தைக் குறைக்கிறது என்பதும் உறுதியான உண்மை. தாய்ப்பால் மருத்துவக் கழகம் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆபத்தான சூழ்நிலைகள் இல்லாதபோது தாய்ப்பாலூட்டும் தாயும் சேயும் ஒரே படுக்கையில் உறங்குவதை ஏற்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதை ஆதரிக்கவில்லை. வல்லுநர்களே இவ்வாறு பிரிந்து நிற்கும் இடத்தில், ஆபத்தான சூழ்நிலை எது என்பதைத்தான் நாம் துல்லியமாக அறிய வேண்டும். பெற்றோரில் எவராவது புகைபிடிப்பவராக இருந்தாலோ, மது அருந்தியிருந்தாலோ, தூக்கம் வருவிக்கும் மருந்து எடுத்திருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் அல்லது 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்திருந்தாலோ ஒரே படுக்கை வேண்டாம். சத்திரசிகிச்சை செய்து குழந்தை பெற்ற தாய்க்குக் கொடுக்கப்படும் வலி மருந்துகளுள் சில மயக்கம் தருபவை என்பதைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தங்கையின் கட்டிலை இந்தக் கண்ணோடு பார்த்தேன். மேலே பஞ்சடுக்கு வைத்துத் தைத்த தடித்த ஸ்பிறிங் மெத்தை, நான்கு தலையணைகள், ஒரு பக்கத்தில் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. பெரியம்மா மனத்தில் வைத்திருக்கும் படுக்கை இதுவன்று. அவர் காலத்தில் பாயும் மேலே மடித்த சேலையும்தான் இருந்தன, அவை அளவுகோலை ஏறக்குறைய நிறைவு செய்தன. தாயும் சேயும் ஒன்றாகப் படுத்துத்தான் ஆக வேண்டும் என்ற வீட்டில், கட்டிலை விட்டு இறங்கித் தரையில் இறுக்கமான மெல்லிய மெத்தை விரித்து, சுவரிலிருந்து விலகிப் படுப்பதே குறைந்த ஆபத்துள்ள வழி. எந்த முடிவை எடுத்தாலும், பாலூட்டும்போது தாய் தன்னையறியாமல் உறங்கிவிடும் இரவு ஒன்று நிச்சயமாக வரும். அந்த இரவு சோபாவிலோ சாய்மனைக் கதிரையிலோ வந்துவிடக் கூடாது. மெத்தென்ற இருக்கையில் குழந்தையோடு உறங்கிப்போவது கட்டிலில் உறங்கிப்போவதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. ஆகவே தனித் தொட்டில் வாங்கியவர்களும் தாயின் கட்டிலிலுள்ள மிகைத் தலையணைகளை இப்போதே அகற்றிவிட வேண்டும்.

தேக்கந்தொட்டிலைப் பார்க்க அளவு நாடாவோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மரத்தில் ஒரு குறையும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் மூட்டுகள் ஆடவில்லை. குறை அமைப்பில் இருந்தது. பக்கச் சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி எட்டரை சென்ரிமீற்றர். அமெரிக்க விதி ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு மேல் அனுமதிப்பதில்லை; ஐரோப்பிய நியமம் 4.5 முதல் 6.5 சென்ரிமீற்றர் வரை என்கிறது. இடைவெளி மிகுந்தால் குழந்தையின் உடல் காலிலிருந்து வழுகி வெளியே வந்து தலை மட்டும் உள்ளே சிக்கும். மிகக் குறைந்தால் கையோ காலோ இறுகும். நாடா இல்லாதவர்கள் 330 மில்லிலீற்றர் குளிர்பான ரின் ஒன்றைக் கொண்டு பார்க்கலாம். அதன் விட்டம் 6.6 சென்ரிமீற்றர், சட்டங்களுக்கிடையே அது புகுந்தால் அந்தத் தொட்டில் வேண்டாம். நடுவே இடைக்கொரு சட்டம் செருகினால் தீர்ந்துவிடாதா என்று தங்கையின் கணவர் கேட்டார். மூன்று சென்ரிமீற்றர் சட்டம் நடுவில் வந்தால் இருபுறமும் மூன்றுக்கும் குறைவான சந்துகளே எஞ்சும். பக்கங்கள் இரண்டையும் கழற்றி முழுதாகச் செய்தால்தான் உண்டு.

அதோடு, அதன் ஒரு பக்கம் கீழே இறங்கும் வகையைச் சேர்ந்தது. தாய் குனியாமல் பிள்ளையை எடுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த வசதியின் கொளுக்கி தேய்ந்து, பக்கம் ஒரு மூலையில் விலகி, அந்த இடைவெளியில் குழந்தைகள் சிக்கி இறந்த சம்பவங்கள் 30ஐத் தாண்டிய பின்னரே ஐக்கிய அமெரிக்கா 2011 யூன் 28 முதல் அத்தகைய தொட்டில்களின் விற்பனையைத் தடை செய்தது. தலைமாட்டில் தாமரை வடிவில் துளைத்த செதுக்கல், நான்கு மூலையிலும் துருத்தும் குமிழ்கள். கண்ணுக்கு அழகானவை, ஆனால் செதுக்கலில் கை சிக்கும், குமிழில் சட்டையும் கழுத்து நூலும் மாட்டும். இதற்கெல்லாம் மேல், இடையில் எப்போதோ வெள்ளை எனாமல் பூசியிருக்கிறார்கள். இலங்கையில் வர்ணப்பூச்சுகளிலுள்ள ஈயத்துக்கான எல்லை 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். பல் முளைக்கும் பிள்ளை முதலில் கடிப்பது தொட்டிலின் மேற்சட்டத்தைத்தான். தேய்த்து அகற்றலாம் என்றால், அந்தத் தூசி கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. அளந்து முடிப்பது பத்து நிமிட வேலையாக இருந்தது. முடிவை மாமியாரிடம் சொல்ல இரண்டு கோப்பை தேநீர் தேவைப்பட்டது.

மடிக்கும் வலைத்தொட்டில் என் கணக்கில் இரண்டாமிடம் பெறுகிறது. நான்கு பக்கமும் வலை என்பதால் காற்றோட்டம் உண்டு, கைகால் சிக்காது, சட்டத்தில் முட்டிக்கொள்ளாது. கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும்போது கூடவே கொண்டுபோகலாம். அதன் ஆபத்து பெற்றோரின் அன்பிலிருந்துதான் வருகிறது. அடிப்பலகையோடு வரும் மெத்தை ஒரு விரல் தடிப்பில் இருப்பதைக் கண்டு மனம் கேட்காமல், புறக்கோட்டையில் இன்னொரு மெத்தை வாங்கி மேலே போடுகிறார்கள். அந்த மெத்தைக்கும் நெகிழும் வலைக்கும் நடுவில் குழந்தையின் முகம் அகப்பட இடம் உண்டாகிறது. அதற்கென்று வந்த மெத்தையைத் தவிர வேறெதையும் அதில் போடக்கூடாது. மேற்சட்டங்கள் நான்கும் பூட்டிக்கொண்டதை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளவத்தையின் உப்புக்காற்று இரும்புக் கீல்களை விரைவில் தின்றுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வயிற்றில் தையலோடு இருக்கும் தாய் அவ்வளவு ஆழத்துக்குக் குனிந்து குழந்தையை எடுப்பது இன்னொரு இடர்.

பரிசாக வரும் சாய்வுப் படுக்கைகளும் ஆட்டும் இருக்கைகளும் உறங்குவதற்கானவை அல்ல. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 2019 ஏப்பிரலில் 47 இலட்சம் சாய்வுப் படுக்கைகளை மீளப் பெற்றது. 10 பாகைக்கு மேல் சாயும் உறங்கு படுக்கைகளையும், தொட்டிலின் உட்பக்கம் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் 2022ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. அங்கே விற்க முடியாத பொருளின் படம் இங்கே இணையக் கடைகளில் இன்னமும் அழகாகவே தெரிகிறது.

எஞ்சுவது புதிய மரத்தொட்டில். மொரட்டுவையில் செய்விப்பதில் உள்ள பெரிய நன்மை, நாம் கேட்கும் அளவில் செய்து தருவார்கள் என்பது. நாம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அந்த நன்மை பலிக்கும். நான்கு பக்கமும் அசையாமல் நிற்க வேண்டும். சட்டங்களுக்கு இடையே ஆறு சென்ரிமீற்றருக்கு மேற்படக்கூடாது. தலைமாடு செதுக்கலின்றி வெறுமையாக இருக்க வேண்டும். மூலைக் கால்கள் மேற்சட்டத்தோடு மட்டமாக முடிய வேண்டும். அடிப்பலகையை இரண்டு உயரங்களில் பொருத்த முடிய வேண்டும். பிறந்த குழந்தைக்கு மேல்நிலை தாய்க்கு வசதி. பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்குமுன் கீழே இறக்கிவிட வேண்டும், அப்போது மெத்தையின் மேற்பரப்பிலிருந்து பக்கத்தின் விளிம்புவரை குறைந்தது 50 சென்ரிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். தேக்கா, மகோகனியா, றப்பர் மரமா என்பது பணத்தைப் பொறுத்த கேள்வி, பாதுகாப்பைப் பொறுத்ததன்று. மெருகின் மணம் போவதற்கு யன்னலைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று கிழமையாவது காயவிட வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடக்கூடாது.

தொட்டிலுக்கு மனம் கோணாமல் செலவழிக்கும் வீடுகள் மெத்தை விடயத்தில் கைக்கு வந்ததை வாங்கிவிடுகின்றன. உண்மையில் குழந்தையின் உடலைத் தாங்குவது மெத்தை. தொட்டில் அதற்கு வேலி. இலவம் பஞ்சு மெத்தை குளிர்ச்சியானது, ஆனால் ஒரு மாதத்தில் நடுவில் பள்ளம் விழும், கொழும்பு ஈரப்பதத்தில் கட்டிபிடிக்கும். மலிவான ஸ்பொஞ் மெத்தை கையை வைத்த இடத்தில் அமிழ்ந்து மெல்லத்தான் எழுகிறது. குழந்தையின் முகமும் அப்படியே அமிழும். எங்கள் தென்னந்தும்பில் றப்பர்பால் சேர்த்துச் செய்யும் மெத்தையையே நான் எல்லோருக்கும் சொல்வேன். இறுக்கமானது, காற்றுப் புகுவது, வெயிலில் போட்டால் விரைவில் உலர்வது. தும்பு குத்தாதபடி நெருக்கமான துணியுறை தைத்திருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்க்க வேண்டும். மூன்று முதல் நான்கு அங்குலத் தடிப்புப் போதும். மெத்தைக்கும் தொட்டில் பக்கத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று பொருள்.

விரிப்பு, நான்கு மூலையும் இலாஸ்ரிக் வைத்துத் தைத்த நூல்துணியாக இருக்கட்டும். பழைய வேட்டியை விரிப்பவர்கள் ஓரங்களை மெத்தைக்கு அடியில் ஆழமாகச் செருகிவிட வேண்டும். றப்பர் சீட் விரிப்புக்குக் கீழே மட்டமாகக் கிடக்க வேண்டும், மேலே அன்று. தலையணை ஒரு வயது வரை வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும், இரு பக்கமும் அணைகொடுக்கும் உருளைத் தலையணைகளும், கடைகளில் ஒரே பொதியாக விற்கும் ‘பேபி செற்’றில் அழகுக்காகவே வருகின்றன, மூச்சை மறிக்கக்கூடியவை அவைதாம். தலை தட்டையாகும் என்று அஞ்சுவோர், விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்திலிருந்து குப்புறக் கிடத்திப் பழக்குவதும், உறக்கத்தில் தலை சாயும் பக்கத்தை நாளுக்கு நாள் மாற்றுவதும் போதும். கண்ணூறு படாமல் கட்டும் கறுப்பு நூலையும், பிறப்புத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவுக்குப் போடும் பஞ்சாயுதச் சங்கிலியையும் உறங்கும்போது கழுத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். தீயவை அண்டாமலிருக்கத் தலைமாட்டில் வைக்கும் பாக்குவெட்டியைத் தொட்டிலுக்கு அடியில் தரையில் வைத்தாலும் அது தன் வேலையைச் செய்யும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போர்வைக்கு இந்த ஊரில் வேலையில்லை. பிரித்தானியப் பெற்றோருக்கு அறை வெப்பம் 16 முதல் 20 பாகை வரை இருக்கட்டும் என்று சொல்கிறார்கள். கொழும்பில் இரவின் வெப்பநிலைகூட ஆண்டு முழுவதும் 22 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. மெல்லிய நூற்சட்டையும் நப்பியும் போதும், தொப்பியும் கையுறையும் உறக்கத்துக்கு மிகை. பிடரியில் கைவைத்து வியர்த்திருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். மின்விசிறி சுழலட்டும், நேரே முகத்தில் அடிக்காமல்.

நுளம்பு வலையைத் தொட்டிலோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. கொழும்பு மாவட்டம் ஒவ்வோர் ஆண்டும் முன்வரிசையில் நிற்கிறது. அந்த நுளம்பு காலையிலும் மாலையிலும் கடிப்பது. ஆகவே இரவில் மட்டும் வலை போடும் பழக்கம் பச்சைக் குழந்தைக்குப் பயன்தராது, பகல் உறக்கத்துக்கும் வேண்டும். நுளம்புச் சுருளின் புகை குழந்தையின் அறையில் கூடாது. குடைபோல் விரித்துக் குழந்தைமேல் கவிழ்க்கும் சிறு வலை முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பொருந்தும். புரளத் தொடங்கியதும் பிள்ளை அதை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும். தொட்டிலை முழுவதும் மூடி, நாற்புறமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகக்கூடிய, தொங்கும் நாடாக்கள் இல்லாத வலையே நீண்டகாலத்துக்கு நல்லது. கூரையிலிருந்து தொங்கும் வலையானால் தளர்ந்து தொட்டிலுக்குள் விழாதபடி கட்ட வேண்டும்.

தங்கையின் அறைக்கு முடிவு இவ்வாறாயிற்று. ஐந்தடி அகலக் கட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளி, சுவரோடு இடைவெளி இல்லாமல் பொருத்தி, தாய் படுக்கும் பக்கத்தில் நான்கடிக்கு இரண்டடி மெத்தை கொள்ளும் எளிய றப்பர்மரத் தொட்டில் ஒன்று. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் போக, நடக்க இரண்டரை அடி வழி எஞ்சுகிறது. தொட்டில் செய்தபின் அதற்கேற்ற மெத்தை தேடுவதே வழக்கம். நாங்கள் மாறிச் செய்தோம். முதலில் தும்பு மெத்தையை வாங்கி, அதை முச்சக்கரவண்டியில் குறுக்காக ஏற்றிக்கொண்டு மொரட்டுவைக்குப் போய், இதன் நாற்புறமும் ஒரு விரலுக்கு மேல் இடமிருக்கக்கூடாது என்று தச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டாஞ்சேனை மாமியார், வலையைத் தாமே தைத்துத் தருவதாகச் சொல்லி அளவு கேட்டிருக்கிறார்.